அரசுப் பள்ளி, தமிழ் வழி, 11-ஆம் வகுப்பு: ஜே.இ.இ. மெயின் எழுத வைக்கலாமா?

வைகைக்கரை:

வணக்கம். தம்பிக்காகக் கேட்கிறேன். அரசு மேல்நிலைப் பள்ளி, தமிழ் வழி, 11-ஆம் வகுப்பு, கணிதம்-உயிரியல் குரூப். கணக்கு நன்றாக வரும். இங்கிலீஷ் வாசித்தால் புரியும், வேகம் இல்லை. ஜே.இ.இ. மெயின் என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு ரேங்கை வைத்துச் சேர்க்கிற மத்திய அரசு இன்ஜினியரிங் கல்லூரி, திருச்சி என்.ஐ.டி. மேல் ஆசை வைத்திருக்கிறான். லட்சக்கணக்கில் கட்டி கோச்சிங் சேர்க்கிற நிலையில் நாங்கள் இல்லை.

குழப்பம் இதுதான். ஸ்டேட் போர்டு புத்தகம் போதாது, முதலிலிருந்து வேறு புத்தகம் படிக்கணும் என்று ஒருவர் சொல்கிறார். 12-ஐ ஆந்திராவில் கோச்சிங்கோடு சேர்ந்த காலேஜில் போட்டுவிடுங்கள் என்கிறார் இன்னொருவர். தமிழில் கேள்வித்தாள் வரும் என்கிறார்கள், அதை நம்பி எழுதலாமா? இதில் இறங்கினால் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் குறைந்து அண்ணா யுனிவர்சிட்டி கட்-ஆஃபும் போய்விடுமோ என்று அம்மாவுக்குப் பயம். பெர்சன்டைல் என்பதும் எங்கள் யாருக்கும் சரியாகப் புரியவில்லை. நாங்கள் பி.சி., சாதிச் சான்றிதழ் இருக்கிறது. அது போதுமா?

விவரம் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.


சாக்பீஸ்:

தங்கச்சி, கடைசிப் பயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் நுழைவுத் தேர்வே கிடையாது. கணிதத்துக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200 என்று 12-ஆம் வகுப்பு மார்க்கை வைத்தே கட்-ஆஃப். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு, அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. தம்பிக்குக் கையில் இருக்கிற கெட்டியான வழி அது. ஜே.இ.இ. அதற்கு மேல் போடுகிற மாடி. அஸ்திவாரத்தைப் பெயர்த்து மாடி கட்ட வேண்டாம். இரண்டுக்கும் பாடம் முக்கால்வாசி ஒன்றுதான் என்பதால் பெயர்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

இன்னொன்று: என்.ஐ.டி.க்கே 12-ஆம் வகுப்பு மார்க் வேண்டும். இயற்பியல், வேதியியல், கணிதம், ஒரு மொழி, இன்னொரு பாடம் என ஐந்து பாடங்களில் 75 சதவீதம், அதாவது 500-க்கு 375. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 65 சதவீதம். இது இல்லையென்றால் தன் போர்டில் தேறியவர்களில் முதல் 20 பெர்சன்டைலுக்குள், அதாவது முதல் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். அதனால் போர்டு தேர்வை ஒதுக்கிவிட்டு ஜே.இ.இ. மட்டும் படி என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

புத்தகம் போதுமா என்றால், பாடப்பொருளுக்குப் போதும், கணக்குப் பயிற்சிக்குப் போதாது. சமச்சீர் புத்தகத்தின் பயிற்சிக் கணக்கு ஒரு பாடத்தின் ஒரு கருத்தைச் சோதிக்கும். ஜே.இ.இ. கேள்வி இரண்டு, மூன்று கருத்தைக் கோத்துக் கேட்கும். சுழலும் தட்டு ஒன்றைக் கொடுத்து உராய்வு, ஆற்றல் மாறாமை, கோண உந்தம் மூன்றையும் ஒரே கேள்வியில் வைப்பார்கள். எனவே பாடத்தைப் பள்ளிப் புத்தகத்தில் படித்துவிட்டு, அந்தப் பாடத்திலிருந்து ஜே.இ.இ.யில் ஏற்கெனவே வந்த கேள்விகளைப் போட வேண்டும். இந்தத் தேர்வை நடத்தும் என்.டி.ஏ. தளத்தில் பழைய வினாத்தாள்கள் விடைக்குறிப்போடு இலவசமாகக் கிடைக்கின்றன. ஐ.ஐ.டி. கான்பூர் நடத்தும் சாத்தீ தளமும் இலவசம்.

உண்மையான ஆபத்து 11-ஆம் வகுப்பில் இருக்கிறது. நம் பாடத்திட்டத்தில் வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம் இரண்டின் அடிப்படையும் 11-ஆம் வகுப்பிலேயே வந்துவிடும். 12-இல் அவற்றின் பயன்பாடுதான். சி.பி.எஸ்.இ.யில் இதில் பெரும்பகுதி 12-இல். இயற்பியலில் இயக்கவியல், சுழற்சி, ஈர்ப்பு, வெப்ப இயக்கவியல், அலைவு, அலை அத்தனையும் 11. வேதியியலில் மோல் கணக்கு, அணு அமைப்பு, வேதிப்பிணைப்பு, கரிம வேதியியலின் அடிப்படையும் அப்படியே. 2017-18-இல் கொண்டுவந்த 11-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வை 2025-26-இல் எடுத்துவிட்டார்கள். மன அழுத்தம் குறைந்தது நல்லது. ஆனால் 11-ஐ மேலோட்டமாகத் தள்ளிவிட்டு 12-க்குத் தாவும் பழைய பழக்கம் பள்ளிகளில் திரும்பினால், ஜே.இ.இ. எழுதுகிற பிள்ளைக்குத் தாளில் ஏறத்தாழ பாதி கைவிட்டுப் போகும். பள்ளி தள்ளினாலும் தம்பி தள்ளக்கூடாது.

நம் புத்தகத்தில் இருந்து ஜே.இ.இ.யில் இல்லாதவை சில உண்டு. கணிதத்தில் தொகுத்தறிதல், பகுதி வகைக்கெழு, 12-இன் கடைசிப் பாடமான தனிநிலைக் கணிதம். வேதியியலில் திடநிலைமை, புறப்பரப்பு வேதியியல், பலபடிகள். இயற்பியலில் தகவல் தொடர்பு. வேதியியல் பாடங்கள் 2024-இல் பாடத்திட்டத்தைக் குறைத்தபோது வெளியே போனவை. கடைகளில் கிடைக்கும் பழைய கைடுகளில் இன்னும் அவை இருக்கும், பார்த்து வாங்குங்கள். இவற்றைப் போர்டுக்கு மட்டும் படித்தால் போதும்.

மாறாக, ஜே.இ.இ.யில் இருந்து நம்மவர்கள் மறந்துபோவது இரண்டு. ஒன்று, திட்ட விலக்கம், விலக்க வர்க்கச் சராசரி. 10-ஆம் வகுப்புப் புத்தகத்தில் படித்ததோடு சரி, 11, 12-இல் திரும்ப வராது. ஜே.இ.இ.யில் இதிலிருந்து கேள்வி வந்துகொண்டே இருக்கிறது, அதுவும் சுலபமாக. 10-ஆம் வகுப்புப் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இரண்டாவது, இயற்பியல் பாடத்திட்டத்தின் கடைசி அலகு செய்முறைத் திறன். வெர்னியர், திருகு அளவி, மீட்டர் பாலம், தனி ஊசல். சுழிப்பிழையைக் கூட்டுவதா கழிப்பதா என்று லேபில் ஒருமுறை கையால் செய்த பையன் அரை நிமிடத்தில் போட்டுவிடுவான். ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதியவனுக்கு அது தெரியாது.


மலைக்கோட்டை:

சாக்பீஸ் ஐயா சொன்னதோடு ஒன்று. ஆந்திராவில் 12 போடும் யோசனையை உடனே மறந்துவிடுங்கள். என்.ஐ.டி.களில் பாதி இடம் அந்தந்த மாநிலத்தவருக்கு. மாநிலம் என்று அவர்கள் பார்ப்பது பிறந்த ஊரையோ இருப்பிடச் சான்றிதழையோ அல்ல, 12-ஆம் வகுப்பு எங்கே தேறினாய் என்பதை மட்டும். ஆந்திராவில் இன்டர்மீடியட் முடித்தால் திருச்சியின் ஹோம் ஸ்டேட் இடம் போச்சு. ராஜஸ்தானின் கோட்டா நகரில் கோச்சிங்குக்காக அங்கேயே ஒரு பள்ளியில் 12 முடித்தாலும் அதே கதை, அவனுக்குச் சொந்த என்.ஐ.டி. ஜெய்ப்பூர். பாண்டிச்சேரியில் 12 முடித்த கடலூர்ப் பிள்ளைக்கு காரைக்கால் என்.ஐ.டி.தான் சொந்தம். காஞ்சிபுரம் ஐ.ஐ.ஐ.டி.டி.எம்., திருச்சி ஐ.ஐ.ஐ.டி. இரண்டும் தமிழ்நாட்டில் இருந்தாலும் அவற்றில் மாநில ஒதுக்கீடு இல்லை, அங்கே எல்லோரும் ஒரே வரிசை.


வைகைக்கரை:

அய்யோ, இது தெரியாமல் அடுத்த வாரம் அட்வான்ஸ் கட்டுவதாக இருந்தோம். நன்றி அண்ணா. தமிழ் வினாத்தாள் பற்றி யாராவது?


சாக்பீஸ்:

அதைச் சொல்ல விட்டுப்போச்சு. ஜே.இ.இ. மெயின் 2021 முதல் 13 மொழிகளில் நடக்கிறது, தமிழும் உண்டு. விண்ணப்பத்திலேயே மொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தேர்வு அறையில் போய்க் கேட்க முடியாது. மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்று விதியில் இருக்கிறது. அதனால் தமிழ் எடுக்கிற பிள்ளைக்கும் கலைச்சொற்களின் ஆங்கிலம் தெரிந்தே ஆக வேண்டும். நிலைமத் திருப்புத்திறன் என்றால் மொமெண்ட் ஆஃப் இனர்ஷியா, அணிக்கோவை என்றால் டிடர்மினன்ட், மின்தேக்கி என்றால் கெபாசிட்டர். பாடப்புத்தகத்தில் இருக்கும் கலைச்சொல் பட்டியல்களை எல்லோரும் புரட்டாமல் விடுவார்கள். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் வீதம் இரண்டு மாதத்தில் மூன்று பாடத்துக்கும் முடித்துவிடலாம்.

என் கருத்து: தமிழைத் தேர்ந்தெடுக்கட்டும், பயிற்சியை மட்டும் ஆங்கில வினாத்தாளில் செய்யட்டும். கணிதத்தில் மொழி குறுக்கே வராது. வேதியியலில் "பின்வருவனவற்றுள் தவறான கூற்று எது", "கூற்று, காரணம்" வகைக் கேள்வி வரும்போதுதான் வேகம் குறைந்த பிள்ளை திணறும். அங்கே தாய்மொழி கைகொடுக்கும்.

மெயினுக்கு அடுத்த தேர்வான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு வேறு. அது ஆங்கிலம், இந்தி இரண்டில் மட்டும். ஐ.ஐ.டி.க்குத்தான் அது தேவை. என்.ஐ.டி.க்கு மெயின் ரேங்க் போதும்.


காவிரிக்கரை:

பெர்சன்டைல், தேர்வு முறை இரண்டையும் நான் சொல்கிறேன்.

தாளில் 75 கேள்வி, 300 மார்க், 3 மணி நேரம். ஒவ்வொரு பாடத்திலும் 25: இருபது நான்கு விடையில் ஒன்றைத் தேர்வது, ஐந்து எண்ணாகவே விடையை உள்ளிடுவது. சரிக்கு 4, தப்புக்கு 1 குறையும், எண் விடைக்கும் அப்படித்தான். முன்பு எண் கேள்விகளில் பத்துக்கு ஐந்து எழுதலாம் என்ற சலுகை இருந்தது. 2025 முதல் அது இல்லை. பழைய தாளை வைத்துப் பயிற்சி செய்யும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

ஆண்டுக்கு இரண்டு தவணை, ஜனவரி, ஏப்ரல். ஒவ்வொரு தவணையும் பல நாள், பல ஷிப்ட், ஷிப்டுக்கு ஒரு தாள். ஒரு தாள் கடினம், ஒன்று சுலபம் என்று ஆகிவிடும் அல்லவா? அதனால்தான் மார்க்கை நேராக ஒப்பிடாமல் பெர்சன்டைல். கணக்கு இதுதான்: தம்பி எழுதிய ஷிப்டில் 1,20,000 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு 130 மார்க். 130-ம் அதற்குக் கீழும் வாங்கியவர்கள் 1,15,200 பேர். 1,15,200-ஐ 1,20,000-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 96. அவன் பெர்சன்டைல் 96. இதே 130-ஐ சுலபமான தாள் வந்த ஷிப்டில் வாங்கியிருந்தால், அவனுக்கு மேலே அதிகம் பேர் இருப்பார்கள், 95 ஆகலாம். ஆகவே பக்கத்து வீட்டுப் பையன் 140 எடுத்தான், நீ 130 தானே என்று ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. இருவரும் ஒரே ஷிப்டா என்று முதலில் கேளுங்கள்.

பெர்சன்டைல் என்றால் சதவீதம் அல்ல என்பதையும் வீட்டில் சொல்லிவிடுங்கள். 300-க்கு 200-ஐத் தொடாமலேயே 99 பெர்சன்டைல் வந்த ஷிப்டுகள் உண்டு. ஏழு தசம இடம் வரை போடுவது அதனால்தான். ஒரு பெர்சன்டைலுக்குள் அவ்வளவு கூட்டம். 2025-இல் இரண்டு தவணையும் சேர்த்து எழுதியவர்கள் ஏறத்தாழ 14.75 லட்சம் பேர். அப்படியானால் 99 பெர்சன்டைல் என்பது சுமார் 14,750-ஆவது ரேங்க். 97 என்றால் 44,000 பக்கம். 95 என்றால் 73,000-ஐத் தாண்டும். ரேங்கை உத்தேசமாகப் போட, நூறில் பெர்சன்டைலைக் கழித்து, வருவதை எழுதியவர் எண்ணிக்கையின் நூறில் ஒரு பங்கால் பெருக்கினால் போதும். காசு வாங்கிக்கொண்டு ரேங்க் சொல்லும் தளங்களுக்குத் தரும் பணம் மிச்சம்.

அட்வான்ஸ்டு எழுதத் தகுதியாக 2025-இல் நின்ற கட்-ஆஃப்: பொது 93.10, ஓ.பி.சி. (மத்திய அரசின் பிற்படுத்தப்பட்டோர் பிரிவு) 79.43, எஸ்.சி. 61.15, எஸ்.டி. 47.90. இந்த எண்ணைப் பார்த்து ஓ.பி.சி.க்கு 80 வந்தால் என்.ஐ.டி. கிடைத்துவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. இது அடுத்த தேர்வுக்குள் நுழைய மட்டும். சீட் கிடைக்கிற ரேங்க் வேறு. என்.ஐ.டி., ஐ.ஐ.டி. கவுன்சலிங் நடத்தும் ஜோசா தளத்தில் போன ஆண்டுகளின் தொடக்க, இறுதி ரேங்க் பட்டியல் இருக்கிறது. அதில் கல்லூரி, பிரிவு, ஹோம் ஸ்டேட் கோட்டா, ஓ.பி.சி. என்று போட்டு, கடைசிச் சுற்றின் இறுதி ரேங்கைப் பாருங்கள். ஓ.பி.சி. வரிசையில் தெரியும் எண் ஓ.பி.சி. ரேங்க், பொது ரேங்க் அல்ல. இதைக் குழப்பிக்கொண்டு அழுதவர்களும் உண்டு, வீணாகத் துள்ளியவர்களும் உண்டு.

இரண்டு தவணையும் எழுதினால் மொத்த பெர்சன்டைல் எதில் அதிகமோ அது. ஜனவரி வேதியியலையும் ஏப்ரல் கணிதத்தையும் சேர்த்து எடுக்க மாட்டார்கள். ஸ்டேட் போர்டுப் பிள்ளைக்கு ஏப்ரல்தான் அசல் தேர்வு, போர்டு தேர்வு மார்ச்சில் முடிந்து பாடம் முழுக்க தலையில் இருக்கும். ஆனாலும் ஜனவரியை விடக்கூடாது. குறைந்தால் நஷ்டம் எதுவும் இல்லை, அந்தத் திரையும் நேரமும் பழகும்.

இப்போது திரை. இங்கேதான் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தெரியாமல் மார்க்கை விடுகிறார்கள். வலது பக்கம் கேள்வி எண்கள் கட்டம் கட்டமாக இருக்கும். பதில் சொன்னது பச்சை, பார்த்துவிட்டு விட்டது சிவப்பு, பிறகு பார்க்கலாம் என்று குறித்தது ஊதா, பதிலும் கொடுத்து பிறகு பார்க்கவும் குறித்தது ஊதாவின் மேல் பச்சைப் புள்ளி. கடைசியாகச் சொன்னதற்கும் மார்க் உண்டு. விடையைத் தேர்ந்தெடுத்த பிறகு "சேவ் அண்ட் நெக்ஸ்ட்" அழுத்தினால்தான் அது பதிவாகும். விடையைத் தொட்டுவிட்டு நேராக வலப்பக்கம் அடுத்த கேள்வி எண்ணைச் சொடுக்கினால், கேள்வி மாறும், விடை பதிவாகாது. சிவப்பாகவே கிடக்கும். அவசரத்தில் இதைச் செய்கிறவர்கள், "இருபது போட்டேன், பதினாறுதான் காட்டுகிறது" என்று விடைத்தாள் நகலைப் பார்த்துத் திகைப்பார்கள். ஐயமுள்ள கேள்விக்கு விடை கொடுத்துவிட்டு அழுத்த வேண்டியது "சேவ் அண்ட் மார்க் ஃபார் ரிவ்யூ".

கீபோர்டைத் தொடவே கூடாது. எண் விடையைக்கூட திரையில் வரும் எண்பலகையில் மவுஸால்தான் அழுத்த வேண்டும். செல்போனில் மட்டும் பயிற்சி செய்த பிள்ளைக்கு மவுஸ் பிடிப்பதே இழுபறி. பள்ளியில் ஹைடெக் லேப் இருந்தால் மாதம் இரண்டு சனிக்கிழமை கேட்டு வாங்கி, என்.டி.ஏ. தளத்தின் மாதிரித் தேர்வை முழு மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதச் சொல்லுங்கள். கால்குலேட்டர் கிடையாது, லாக் டேபிளும் கிடையாது. நம் போர்டு தேர்வில் லாக் டேபிள் பழகிய கைக்கு வகுத்தல் பெருக்கல் துருப்பிடித்திருக்கும், இப்போதிருந்தே மனக்கணக்குப் போடட்டும்.

நேரம்: வேதியியலை முதலில் 40 முதல் 45 நிமிடத்தில் முடிக்கணும். தெரிந்தால் தெரியும், இல்லையென்றால் யோசித்து வராது. இயற்பியலுக்கு 55. மிச்சம் 80 நிமிடம் கணிதத்துக்கு. கணிதத்தில் 25-ஐயும் தொட நினைப்பவன்தான் மாட்டிக்கொள்கிறான். பன்னிரண்டைச் சரியாகப் போட்டு மற்றதை விட்டால் 48. இருபதைத் தொட்டுப் பத்து தப்பானால் 30.


மலைக்கோட்டை:

அதனால்தான் நான் எப்போதும் சொல்வது, தெரியாததைத் தொடவே கூடாது என்று.


காவிரிக்கரை:

அது முழுக்கச் சரியில்லை, மலைக்கோட்டை. கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு விடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை அழுத்தினால், நான்கு முறையில் ஒருமுறை +4, மூன்று முறை −1. நான்கு கேள்விக்கு மொத்தம் +1, கேள்விக்குக் கால் மார்க். நஷ்டம் இல்லை, ஆனால் லாபமும் கடலை மிட்டாய்க்குக் காணாது, அதிர்ஷ்டம் கெட்டால் கீழேயும் இழுக்கும். ஒரு விடை கட்டாயம் இல்லை என்று தள்ள முடிந்தால் சராசரி 0.67. இரண்டைத் தள்ள முடிந்தால் 1.5. அலகைப் பார்த்தே இரண்டைத் தள்ளக்கூடிய இயற்பியல் கேள்விகள் ஒவ்வொரு தாளிலும் இருக்கின்றன. அதை விடுவது பயந்தாங்கொள்ளித்தனம். எண் விடைக் கேள்விக்கு மட்டும் நீங்கள் சொன்னது நூறு சதவீதம் சரி. அங்கே ஊகம் என்பது கையில் இருக்கும் ஒரு மார்க்கைத் தூக்கிக் கொடுப்பது.


தாலுகா_வாசல்:

படிப்பைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டார்கள், நான் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன்மா. ரேங்க் வாங்கிய பிள்ளையைக் காகிதம் கவிழ்த்துவிடும்.

உங்களிடம் இருக்கும் பி.சி. சாதிச் சான்றிதழ் மாநிலத்துக்குரியது. என்.ஐ.டி., ஐ.ஐ.டி. கேட்பது மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி. நான்-கிரீமி லேயர் சான்றிதழ், அதாவது பிற்படுத்தப்பட்டோரில் வசதி மிகுந்த பிரிவில் (கிரீமி லேயர்) வராதவர் என்ற சான்று. இரண்டும் வேறு. முதலில் உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மாநிலப் பட்டியலில் பி.சி., எம்.பி.சி. ஆக இருக்கும் எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இல்லை, சிலவற்றுக்கு எழுத்துக்கூட்டலும் மாறும். பிறகு இ-சேவையில் விண்ணப்பம். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று போய் வரும். கூட்டம் சேரும் மே, ஜூனில் இழுத்தடிக்கும்.

வருமானத்தில்தான் எல்லோரும் பயப்படுவது. வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம், தொடர்ந்து மூன்று ஆண்டுக் கணக்கு. ஆனால் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் அந்த 8 லட்சத்தில் சேராது. அப்பா அரசு டிரைவர், சம்பளம் 9 லட்சம் என்பதற்காகக் கிரீமி லேயர் ஆகிவிடாது. பதவியை வைத்து வேறு விதி இருக்கிறது: பெற்றோரில் ஒருவர் நேரடியாக குரூப் ஏ பதவியில் சேர்ந்தவரென்றால் கிடைக்காது. அலுவலகத்தில் சிலர் மொத்தச் சம்பளத்தையும் கூட்டிப் பார்த்து மறுப்பார்கள். அப்போது விதியின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் பேச வேண்டும்.

தேதி மிக முக்கியம். ஜோசா கவுன்சலிங்கில் கேட்பது அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ தரப்பட்ட சான்றிதழ். போன வருஷத்ததைக் காட்டினால் எடுபடாது, ஓ.பி.சி. ரேங்கை வைத்துக் கிடைத்த சீட் கைவிட்டுப் போகும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

அடுத்தது பெயர். நம் ஊர் இனிஷியல் தகராறு. 10-ஆம் வகுப்பு மார்க்ஷீட்டில் இனிஷியலோடு ஒரு எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, சாதிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால். ஜே.இ.இ. விண்ணப்பத்தில் 10-ஆம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி. ஆதாரை அதற்கு ஒத்தபடி இப்போதே, 11-இல் இருக்கும்போதே திருத்திவிடுங்கள். விண்ணப்ப நேரத்தில் ஓடினால் ஆகாது.

விண்ணப்பம் கடந்த சில ஆண்டுகளாக அக்டோபர் கடைசி, நவம்பரில் வருகிறது, ஏப்ரல் தவணைக்கு பிப்ரவரியில். 2025-இல் முதல் தாளுக்குக் கட்டணம் பொதுப்பிரிவு ஆண்களுக்கு 1,000, ஓ.பி.சி. ஆண்களுக்கு 900, இந்தப் பிரிவுகளின் பெண்களுக்கு 800, எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி, திருநர்க்கு 500. பிரவுசிங் சென்டரில் போடுவதாக இருந்தால் உங்கள் மெயில், உங்கள் செல் நம்பர்தான் கொடுக்க வேண்டும். சென்டர்க்காரர் தன் மெயிலைப் போட்டுவிட்டால், ஹால் டிக்கெட் எடுக்கும் நாளில் அவர் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருப்பார். விண்ணப்ப எண், பாஸ்வேர்டு இரண்டையும் நோட்டில் எழுதி வையுங்கள், ஏப்ரல் தவணைக்கும் அதே எண்தான். போட்டோ வெள்ளைப் பின்னணியில், காது தெரிய. திருத்த ஒரே ஒரு வாய்ப்புத் தருவார்கள், அதிலும் எல்லாக் கட்டத்தையும் மாற்ற முடியாது.


வைகைக்கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, தேர்வு முடிந்து விடைக்குறிப்பு வந்ததும் தப்பாக இருந்தால் எதிர்க்கலாம் என்கிறார்களே, அது உண்மையா? காசு போய்விடுமா?


தாலுகா_வாசல்:

உண்மைதான்மா. முதலில் தற்காலிக விடைக்குறிப்பும் பிள்ளை அழுத்திய விடைகளும் வரும். ஒரு கேள்விக்கு 200 ரூபாய் கட்டி எதிர்க்கலாம், அந்தப் பணம் திரும்பி வராது. மூன்று நாள்போலத்தான் அவகாசம்.


காவிரிக்கரை:

காசு கட்டும் முன் ஒன்று. எதிர்ப்பு ஏற்கப்பட்டால் மாற்றப்பட்ட விடை அந்த ஷிப்டில் எழுதிய எல்லோருக்கும் பொருந்தும், கட்டியவருக்கு மட்டும் அல்ல. தப்பான கேள்வியைப் பெரிய கோச்சிங் சென்டர்கள் எப்படியும் எதிர்த்துவிடும். தம்பி 11-ஆம் வகுப்புப் புத்தகத்தின் பக்கத்தைக் காட்டி நிரூபிக்க முடிகிற கேள்வி என்றால் கட்டுங்கள், வெறும் சந்தேகத்துக்குக் கட்ட வேண்டாம்.


சாக்பீஸ்:

இந்த வாரம் செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன் தங்கச்சி. ஆந்திரா அட்வான்ஸைக் கட்டாதீர்கள். 10-ஆம் வகுப்பு மார்க்ஷீட்டையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். தம்பியை, 11-ஆம் வகுப்பில் பள்ளியில் இதுவரை முடித்த பாடங்களில் ஒன்றை எடுத்து, அதிலிருந்து பழைய ஜே.இ.இ. கேள்வி இருபது போடச் சொல்லுங்கள். எத்தனை வந்தது, எங்கே நின்றான் என்று இங்கே எழுதுங்கள், அதிலிருந்து பார்க்கலாம்.